வாசகர் கேள்வி – பதில்: எந்த வரியில் நின்றீர்கள்?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கைப்பேசியில் கவிதை எழுதி நண்பர்களுக்கும் குழுக்களுக்கும் அனுப்புகிறவர்கள், அதைப் படித்துக் கருத்துச் சொல்கிறவர்கள், சொன்ன கருத்தால் மனம் நொந்தவர்கள், சொல்லப்போய் நட்பையே இழந்தவர்கள் என நான்கு பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சொற்பிறப்பு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து, தேர்வுத்தாளோடு மாணவர்கள் தயங்கித் தயங்கி நீட்டிய கவிதை நோட்டுகளையும் படித்தவன் என்பதால், இது எனக்கு நெருக்கமான பொருள்.

கடலூர் முதுநகர் வாசகி ஒருவர்:
நூற்றைம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஆண்டுகளாகக் கவிதை போட்டு வருகிறேன். எதைப் போட்டாலும் ‘அருமை’, ‘சூப்பர்’, கூப்பிய கை, பூங்கொத்து என்றுதான் பதில் வரும். என் அம்மாவைப் பற்றி எழுதிய கீழ்க்கண்ட கவிதைக்கு மட்டும் மூத்தவர் ஒருவர், ‘இது கவிதை அல்ல, உரைநடையை மடக்கி மடக்கிப் போட்டிருக்கிறீர்கள்’ என்று எழுதினார். அதன் பிறகு மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுத வரவில்லை. அவர் சொன்னது சரிதானா?

விடியற்காலைத் துறைமுகத்தில்
அம்மா ஏலம் எடுத்த
கூடையில்
மீன்கள் கண் மூடவில்லை.
அவளும்தான்.
உழைப்பே உயர்வு
தாயே தெய்வம்.

பதில்: அம்மா, பெரியவர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். ‘இது கவிதை அல்ல’ என்பது உங்கள் ஏழு வரிகளைப் பற்றிய கருத்து அல்ல. கவிதை என்ற பெயரை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றிய கருத்து அது. உங்கள் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்ட வழக்கு புதிதல்ல. 1867-இல் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரோடு அச்சேறியபோது, அவற்றைத் தேவார திருவாசகங்களைப் போல அருட்பா என்றும் திருமுறை என்றும் அழைக்கலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அது மறுப்பு நூல்களாக வளர்ந்து, 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறும் வரைக்கும் போயிற்று. இரண்டு பக்கத்திலும் தமிழில் கரைகண்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்தச் சண்டைக்கு மூலம் பெயர்தான். பாடல்களோ இன்றும் வடலூரில் பாடப்படுகின்றன. ஆகவே உங்கள் எழுத்துக்கு என்ன பெயர் என்ற வாதத்தில் நீங்கள் இறங்கவே வேண்டாம். அதில் நீங்கள் வென்றாலும் உங்கள் கவிதையில் ஓர் எழுத்துக்கூடத் திருந்தப்போவதில்லை.

இனிக் கவிதைக்கு வருவோம். நான் இதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். ‘மீன்கள் கண் மூடவில்லை’ என்ற இடத்தில், மீனுக்கு இமை கிடையாது என்பது தானாக நினைவுக்கு வந்தது. அடுத்த வரியில் ‘அவளும்தான்’ என்று வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். இரவெல்லாம் உறங்காமல் ஏலத்துக்கு வந்து நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை, கண் சிவந்திருந்தது என்றோ களைப்பு என்றோ சொல்லாமல், அவள் கூடையிலிருக்கும் மீனைக் கொண்டே காட்டிவிட்டீர்கள். அந்தத் துறைமுகத்தில் விடியலில் நின்று பார்த்தவருக்குத்தான் இது வாய்க்கும். இவ்வளவு நல்ல இடத்துக்கு உங்கள் குழுவில் நூற்றைம்பது பேரும் ‘அருமை’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தார்கள் என்பது, பெரியவரின் கடுஞ்சொல்லைவிட எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

அதற்குப் பிறகு வரும் இரண்டு வரிகள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ‘உழைப்பே உயர்வு’ என்பதைப் பள்ளிச் சுவரிலும் ‘தாயே தெய்வம்’ என்பதை ஆட்டோவின் முதுகிலும் நாம் தினம் படிக்கிறோம். அவை உண்மையல்ல என்று சொல்லவில்லை. அவை யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும் என்பதால், உங்கள் அம்மா அந்த வரிகளில் காணாமல் போய்விடுகிறார். நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’. எடுப்பாகத் தொடங்கி, போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. அவர் கவிதையை மனத்தில் வைத்து அதைச் சொல்லவில்லை. நூல்களுக்கு இலக்கணம் சொன்னார். ஆனால் நான் திருத்திய நோட்டுகளில் பாதிக் கவிதைகளுக்கு அந்தக் குற்றம் பொருந்தியது. எழுதுகிறவருக்கு ‘அவளும்தான்’ என்று நிறுத்தத் துணிவு வருவதில்லை. படிக்கிறவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பொன்மொழியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கிறார்.

பெரியவர் சொன்னதிலும் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது. ‘கூடையில்’ என்ற சொல்லை ஏன் தனி வரியில் வைத்தீர்கள்? ‘அவளும்தான்’ தனியே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே மூச்சு நின்று தொடர்கிறது. ‘கூடையில்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘அம்மா ஏலம் எடுத்த கூடையில்’ என்று ஒரே வரியாக வைத்துப் படித்துப் பாருங்கள். வரியை மடக்குகிறவர் ஒவ்வொரு மடிப்புக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பெரியவர் இதைத்தான் சொல்ல வந்தார் போலும். ஆனால் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டாமல் மொத்தத்தையும் தள்ளிவிட்டார். அவரிடம் பணிவாக, ‘ஐயா, எந்த இடத்தில் உரைநடையாகப் பட்டது என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்’ என்று கேளுங்கள். படித்துவிட்டுச் சொன்னவராக இருந்தால் பதில் வரும்.

கடைசி இரண்டு வரியை நீக்கிவிட்டு, மூன்று மாதத்தை மறந்துவிட்டு, மீண்டும் எழுதுங்கள். துறைமுகத்தில் நீங்கள் பார்த்திருப்பது இன்னும் நிறைய இருக்கும்.

வில்லியனூர் வாசகர் ஒருவர்:
வாயாரப் பாராட்டுவது தவறா? புதிதாக எழுதுகிறவரை ஊக்கப்படுத்தத்தானே ‘அருமை’ என்கிறோம்?

பதில்: பாராட்டுவது தவறே இல்லை. படிக்காமல் பாராட்டுவதுதான் தவறு. ‘அருமை’ என்ற சொல் வந்த வேகத்தைப் பார்த்தாலே, கவிதை போட்ட அரை நிமிடத்தில் இருபது வரியை எப்படிப் படித்தார் என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அவர் நன்றி சொல்கிறார். நாளை உங்கள் கவிதைக்கு அவரும் அதே வேகத்தில் ‘அருமை’ போடுகிறார். மொய் எழுதுவது போல இது ஒரு கொடுக்கல் வாங்கலாகிவிட்டது.

பாராட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம் என்ற இளைஞரை, நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டு எழுதச் சொன்னார் பாரதியார். எழுதியதைக் கேட்டுவிட்டு நன்று என்று முதுகைத் தட்டியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பெழுதி, பாட்டைச் சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பாரதிதாசன். தம் பெயரையே பிணையாக வைத்துப் பாராட்டினார் பாரதியார். நாம் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும், பிடித்த வரியை அப்படியே எடுத்தெழுதி, ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை எழுத வேண்டுமென்றால் கவிதையை உண்மையாகவே படித்தாக வேண்டும்.

லாஸ்பேட்டை வாசகர் ஒருவர் (ஓய்வு பெற்ற அரசு ஊழியர்):
நாற்பது ஆண்டு நண்பர், ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தில் கவிதைத் தொகுப்பு வெளியிட முன்வந்தார். அட்டைப்படமெல்லாம் தயாரான பிறகு, ‘ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று தொண்ணூறு கவிதைகளையும் கைப்பேசிக்கு அனுப்பினார். இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, நாற்பத்தொரு குறைகளை எண்ணிட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து பேசுவதில்லை. வெளியீட்டு விழாவுக்கும் அழைப்பில்லை. உண்மையைச் சொன்னது குற்றமா?

பதில்: ஐயா, தொண்ணூறு கவிதைகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்த உழைப்பை உங்கள் நண்பர் ஒரு நாள் உணர்வார். ஆனால் நேர்ந்த பிழை உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று நம்மவர்கள் சொல்லும்போது அதற்குள் பல வேண்டுகோள்கள் ஒளிந்திருக்கும். எழுத்துப்பிழை, சந்திப்பிழை பார்த்துக் கொடுங்கள் என்பது ஒன்று. கவிதையாக நிற்கிறதா என்று சொல்லுங்கள் என்பது இன்னொன்று. அட்டைப்படம் வரை வந்துவிட்ட பிறகு சொன்னால் பெரும்பாலும், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்’ என்பதுதான் பொருள். எது வேண்டும் என்று நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். ‘குறைகளும் சொல்லட்டுமா, இல்லை பிழைதிருத்தம் மட்டும் போதுமா?’ என்ற ஒரே கேள்வி நாற்பது ஆண்டு நட்பைக் காத்திருக்கும்.

நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்கு மட்டுமல்ல, வரம்பு மீறும்போது இடித்துரைப்பதற்கும்தான் என்ற குறளை நீங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். 784-ஆம் குறள் அது. அதில் ‘மேற்சென்று’ என்று ஒரு சொல் இருப்பதைக் கவனியுங்கள். முற்பட்டுச் சென்று என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். கேடு விளைவதற்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் ஒவ்வொரு கவிதையாக எழுதி உங்களுக்கு அனுப்பிய நாள்களில் நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? கடிதத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: ‘சங்கடமாக இருக்குமே என்று வணக்கம் மட்டும் போட்டுவிடுவேன்.’ அப்போது ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க வேண்டிய நாற்பத்தொன்றையும் அச்சுக்குப் போகும் நேரத்தில் மூட்டையாகக் கட்டி இறக்கிவிட்டீர்கள். சொன்னவை அத்தனையும் சரியாகவே இருந்தாலும், அவரால் அந்த நேரத்தில் எதையும் செய்ய முடியாது. திருத்த அவகாசம் இல்லாதவரிடம் குறையைச் சொன்னால், அவருக்கு அது வெறும் தீர்ப்பாகத்தான் கேட்கும்.

குறைகளை எண்ணிட்டு எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது தணிக்கை அலுவலகக் குறிப்பு மாதிரி இருக்கிறது. அதைவிட, தொண்ணூறில் உங்களுக்குப் பிடித்த இருபதைத் தேர்ந்து, ‘இந்த இருபதும் சேர்ந்து ஒரு நல்ல சிறு நூலாக வரும், மற்றவற்றை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள்’ என்று சொல்லியிருந்தால், அந்த நாற்பத்தொன்றையும் சொல்லாமலே சொன்னதாக இருக்கும். தேர்ந்தெடுத்துக் கொடுப்பதைவிட மென்மையாகவும் துல்லியமாகவும் ஒரு விமர்சனத்தை நான் இதுவரை கண்டதில்லை.

இப்போது செய்ய வேண்டியது என்னவென்றால், அழைப்பில்லாவிட்டாலும் விழாவுக்குப் போங்கள். பின் வரிசையில் உட்கார்ந்து, வெளியே வரும்போது விலை கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். அன்று கவிதையைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். ஒரு மாதம் கழித்து, உங்களுக்குப் பிடித்த கவிதை இருக்கும் பக்கத்தில் அடையாளம் வைத்து அவர் வீட்டுக்குப் போய், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர் ஒருவர் (கல்லூரி மாணவர்):
மரபுக்கவிதை எழுதிப் பழகுகிறேன். கீழுள்ள குறள் வெண்பாவைப் பகிர்ந்ததும் ஒருவர், ‘தளை தட்டுகிறது. முதலில் யாப்பு படித்துவிட்டு வாருங்கள்’ என்றார். எங்கே தட்டுகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கெடிலக் கரையில் நின்றேன் மழையின்
அடியில் நனைந்த மனம்

பதில்: தம்பி, தட்டுவது உண்மைதான், ஒரே இடத்தில். தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை; சீரை ஆக்கும் அசைகள் நேர், நிரை என இரண்டு வகை. இரண்டாம் சீரான ‘கரையில்’ என்பது நிரை நேர், அதாவது புளிமா. வெண்பாவில் இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். உங்கள் மூன்றாம் சீரான ‘நின்றேன்’ நேரசையில் தொடங்குகிறது. மாமுன் நேர் வந்தால் அது ஆசிரியப்பாவுக்கு உரிய ஆசிரியத்தளை. வெண்பாவில் அது புகக் கூடாது. இதைச் சரிசெய்ய வழி எளிது. ‘கரையில்’ என்பதைக் ‘கரையோரம்’ என்று மாற்றுங்கள். அது நிரை நேர் நேர், புளிமாங்காய். நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீருக்குப் பின் நேர்தான் வர வேண்டும். ‘கெடிலக் கரையோரம் நின்றேன் மழையின்’ என்று சொல்லிப் பாருங்கள். முன்பு இடறிய இடத்தில் ஓசை வழுக்கிக்கொண்டு போவது காதுக்கே தெரியும். மற்ற தளைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கெடில, அடியில் என்ற எதுகை நன்றாக விழுந்திருக்கிறது. ஈற்றுச்சீர் ‘மனம்’ ஒரே நிரையசையால் ஆன மலர் வாய்பாட்டில் முடிந்து வெண்பாவை முறையாகவே முடித்துவைக்கிறது.

மேலே உள்ளதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘யாப்பு படித்துவிட்டு வா’ என்றவருக்கும் யாப்புத் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்; தெரிந்தவர் இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மரபுக்கவிதையில் குறை சொல்வதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. புதுக்கவிதையில் ‘எனக்கு இப்படிப் பட்டது’ என்று தயங்கித் தயங்கிச் சொல்வதை, இங்கே சீர் எண்ணைக் குறிப்பிட்டே சொல்லிவிடலாம். அந்த வசதி இருந்தும் பயன்படுத்தாமல் ஆளை விரட்டுவது பொறுக்க முடியாத செயல். பாடப்புத்தகத்தைத் தாண்டி வெண்பா எழுத முயல்கிற இளைஞர்களே சிலர்தான். அவர்களையும் இப்படி விரட்டினால் நாளைக்குத் தளை பார்க்க யார் இருப்பார்கள்?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தளையைச் சரிசெய்ததால் கவிதை சரியாகிவிடவில்லை. மழையில் மனம் நனைவதை நாம் நூறு இடங்களில் கேட்டாயிற்று. கெடிலத்தின் கரையில் நின்ற நீங்கள் எதையோ பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றுக்கு மட்டும் உரியது எதுவோ, அதுதான் இரண்டாம் அடியில் வந்திருக்க வேண்டும்.

பண்ருட்டி வாசகி ஒருவர்:
ஹைக்கூ எழுதினால், ‘பதினேழு அசை இல்லை’ என்று ஒருவரும், ‘மூன்றாம் வரியில் அதிர்ச்சி இல்லை’ என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கு ஜப்பானிய மொழியின் ஒலியலகுகளுக்கு உரியது. நம் அசைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வரி என்ற வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் வியந்தது அதன் சுருக்கத்தை. சொல்லாமல் விட்டதைப் படிக்கிறவர் நிரப்பிக்கொள்வதுதான் அங்கே அழகு. ஆகவே உங்களுக்குக் கருத்துச் சொல்கிறவரிடம், ‘நான் சொல்லாமல் விட்டது உங்களுக்குக் கிடைத்ததா?’ என்று கேளுங்கள். மூன்றாம் வரியில் வெடி வைக்க வேண்டும் என்பது விடுகதைக்குப் பொருந்தும்.

குறிஞ்சிப்பாடி வாசகர் ஒருவர்:
புனைபெயரில் ஒருவர் என் ஒவ்வொரு கவிதையையும் கேலி செய்கிறார். பதில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். அவர் கேலியில் உங்கள் கவிதையின் ஒரு சொல்லாவது எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அந்தச் சொல்லை ஒருமுறை யோசியுங்கள். இல்லையென்றால் அது உங்கள் கவிதையைப் பற்றியது அல்ல.

அரியாங்குப்பம் வாசகர் ஒருவர் (வயது 24):
யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அண்மையில் ஒரு கவிதையில் ‘காகிதப்பூ உதிரும் தெருவில் உன் மௌனத்தின் இறக்கை முறிந்தது’ என்று எழுதினேன். மூன்று பேர் தனித்தனியாக, ‘மௌனத்துக்கு இறக்கையா, புரியவில்லையே’ என்றார்கள். மூவருக்கும் சேர்த்துப் பெரிய விளக்கம் எழுதினேன், அதையும் இணைத்திருக்கிறேன். கவிதையை விளக்க வேண்டியிருப்பதே அவமானமாக இருக்கிறது. கருத்துகளை எப்படி ஏற்றுக்கொள்வது?

பதில்: தம்பி, கோபம் வருவதில் வியப்பில்லை. உங்கள் வயதில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். ஒரு சிற்றிதழுக்கு நான் அனுப்பிய கவிதை, சுயமுகவரியிட்ட உறையில் திரும்பி வந்தது. ‘ஐப்பசி அடைமழையில் வேப்பம்பூ உதிர்ந்த வாசல்’ என்று அதன் முதல் வரி. அதில் ‘வேப்பம்பூ’ என்ற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு, ஓரத்தில் ‘ஐப்பசியிலா?’ என்ற ஒரே சொல். வேறு எதுவும் இல்லை. வேம்பு பூப்பது பங்குனி, சித்திரையில் என்று ஊரில் பச்சடி வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு வேப்பமரம் நின்றது. அடைமழைக்கு முன்னால் ‘ஐப்பசி’ என்ற சொல் காதுக்கு இனிமையாக இருந்ததால் மரத்தை மறந்துவிட்டிருக்கிறேன்.

முதல் இரண்டு நாள், கவிதைக்குள் எந்த மாதத்திலும் பூ உதிரலாம், கற்பனை என்று ஒன்று இல்லையா என்றெல்லாம் அந்த ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கடிதத்தை அனுப்பாமல் மாதத்தைப் பங்குனியாக மாற்றினேன். மழை போயிற்று. மழை போனதும், மழையை நம்பி எழுதிய எட்டு வரியும் போயிற்று. மிஞ்சியது இரண்டே வரி. அந்த இரண்டு வரியை அனுப்பினேன். அது அச்சில் வந்தது. அந்த ஆசிரியர் ‘பொய் எழுதுகிறாய்’ என்று என்னைத் திட்டியிருந்தால் நான் மறுப்புக் கடிதத்தை அனுப்பியிருப்பேன். அவர் சொல்லைத் தொட்டார், ஆளைத் தொடவில்லை. அதனால்தான் மூன்றாம் நாளாவது எனக்கு விளங்கியது.

ஆகவே கருத்து வந்தவுடன் பதில் எழுதாதீர்கள். ‘படித்ததற்கு நன்றி’ என்று மட்டும் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கவிதையையும் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஓரிடத்தில் நின்றால் அது அவருடைய ரசனையாக இருக்கலாம். ஒருவருக்கொருவர் கலந்துகொள்ளாத மூன்று பேர் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்றால், அங்கே வழியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். அவர்கள் சொல்லும் காரணமோ, சொல்லும் திருத்தமோ தவறாக இருக்கலாம். அதை ஏற்க வேண்டியதில்லை. நின்ற இடத்தை மட்டும் நம்புங்கள்.

உங்கள் விளக்கத்தை நான் முழுவதும் படித்தேன். அதற்காகவே இந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அதில் நீங்கள் எழுதியிருப்பது இது: ‘அவள் ஒன்றும் பேசாமல் தெருவைக் கடந்தாள். பாதி வழியில் செருப்பின் வார் அறுந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். தெருவெல்லாம் காகிதப்பூ.’ தம்பி, இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தெரு தெரிந்தது, நண்பகலில் சுடும் தரை தெரிந்தது, அவள் ஏன் திரும்பவில்லை என்பதும் தெரிந்தது. மௌனத்துக்கு இறக்கை கட்டி முறித்த வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று பேரும் புரியவில்லை என்று சொல்லியிராவிட்டால் நீங்கள் இந்த நான்கு வாக்கியங்களை எழுதியே இருக்கமாட்டீர்கள். அவர்களுக்கு எழுதிய விளக்கத்தை எடுத்துக்கொண்டு, அந்த அறுந்த வாரிலிருந்து கவிதையை மறுபடி தொடங்குங்கள். முடித்ததும் முதலில் அந்த மூவருக்கே அனுப்புங்கள்.